வரிசையில் உங்கள் முறை வருவதற்கு முன்

"நாளைக்குக் காலையில சென்னையில மீட்டிங். கம்பெனியே பிளைட் டிக்கெட் போட்டுக் குடுத்துட்டாங்க. சாயங்காலம் திரும்பிருவேன்." மதுரையில் தல்லாகுளம், நரிமேடு, பீபிகுளம் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் எப்படிப் போவது என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய பயணம் அது. விமானம் அப்படிப் பழகியதல்ல. மீட்டிங்கில் என்ன பேச வேண்டும் என்று அலுவலகம் பயிற்சி கொடுக்கிறது. அந்த மீட்டிங்குக்குப் போகும் வழியில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக்கொடுப்பவர் அநேகமாக இல்லை. ஆனால் கூட வரும் மேலாளர் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்.

விமானம் ஏறுவதில் நல்ல பழக்கம் என்று நான் நினைப்பது பெரும்பாலும் ஒன்றில் அடங்கிவிடும்: உங்கள் முறை வரும்போது நீங்கள் தயாராக இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏர்பஸ் ஏ320 ரக விமானத்தில் சுமார் 180 பேர் ஏறுகிறார்கள். கேட்டில் ஒரே வரிசை, ஒருவருக்கு 5 நொடி என்றால் 15 நிமிடத்தில் எல்லோரும் உள்ளே போய்விடலாம். அதுவே 10 நொடி ஆனால் அரை மணி நேரம். குறைந்த கட்டண நிறுவனங்கள், வந்து நிற்கும் விமானத்திலிருந்து ஆட்களை இறக்கி, உள்ளே சுத்தம் செய்து, அடுத்த பயணிகளை ஏற்றி மறுபடி கிளப்ப ஒதுக்கும் மொத்த நேரமே ஏறக்குறைய அந்த அரை மணிதான். கூடுதலான அந்த 5 நொடி பெரும்பாலும் போனில் போர்டிங் பாஸைத் தேடுவதிலும், அடையாள அட்டையைப் பையின் அடியிலிருந்து எடுப்பதிலும்தான் போகிறது. ஆகவே மரியாதையின் பாதி வேலை முந்தின இரவே வீட்டில் முடிந்துவிட வேண்டும்.

முந்தின இரவு

முதலில் பெயர். தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். டிக்கெட் போடும் தளமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்லும். அலுவலகத்தில் டிக்கெட் போடுகிறவர் 'கார்த்திக் எஸ்' என்று போட்டிருப்பார், ஆதாரில் 'கார்த்திகேயன் செல்வம்' என்று இருக்கும். விமான நிலைய வாசலில் நிற்கும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரருக்கு இரண்டும் ஒரே ஆள்தான் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை. அங்கே நீங்கள் விளக்கம் சொல்லும் ஒவ்வொரு நிமிடமும் பின்னால் நிற்பவர்களின் நேரம். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஆதாரில் இருக்கும்படி உங்கள் பெயரை எழுத்து எழுத்தாக நிர்வாகப் பிரிவுக்கு அனுப்பிவையுங்கள். அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் போட வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். அடையாள அட்டையை அசலாகக் கையில் வையுங்கள், அல்லது எம்ஆதார், டிஜிலாக்கர் செயலிகளில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஆதார் போட்டோவை அடையாளமாக ஏற்க மாட்டார்கள்.

அடுத்தது பை. உள்நாட்டுப் பயணத்தில் சாதாரண வகுப்பில் கையில் கொண்டுபோக ஒரு பை, 7 கிலோ. அதோடு லேப்டாப் பையோ பெண்களின் கைப்பையோ ஒன்று கூட வரலாம். வீட்டில் தராசு இல்லையென்றால் தெருமுனைக் கடையில் நிறுத்துப் பார்த்துவிடலாம். கவுன்ட்டர் முன்னால் பையைத் திறந்து, சட்டையையும் டப்பாவையும் தரையில் பரப்பி எடை குறைப்பது உங்களுக்கும் சங்கடம், மற்றவர்களுக்கும் தொந்தரவு.

பவர் பேங்க் கையோடு வரும் பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் செய்யும் பெட்டியில் வைக்கவே கூடாது. சரக்கு அறையில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் உடனே கையால் எடுத்து அணைக்க ஆள் இல்லை என்பதுதான் காரணம். 100 வாட்-அவர் வரை தனி அனுமதி வேண்டாம். கடைகளில் கிடைக்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர்தான், 27,000 தாண்டினால்தான் கேள்வி வரும். பெட்டியைக் கொடுத்த பிறகு எக்ஸ்ரேயில் பவர் பேங்க் தெரிந்தால் உங்களைத் திரும்பக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் நீங்கள் கேட்டுக்குப் போய்விட்டிருந்தால் பெட்டி ஏறாமலே நின்றுவிடலாம்.

அம்மா கட்டிக்கொடுக்கும் சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், மதுரை வீட்டிலிருந்து யாரும் வெறுங்கையோடு கிளம்புவதில்லையே. கொப்பரைத் தேங்காயில் எண்ணெய் அதிகம், எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அதற்குத் தடை உண்டு. சபரிமலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக 2024 அக்டோபரில் விமானப் பாதுகாப்புப் பிரிவு தனியாக ஒரு தளர்வு கொடுத்தது, அதுவும் 2025 ஜனவரி 20 வரை என்று நாள் குறித்து. மிளகாய்ப்பொடி, எண்ணெயில் மிதக்கும் ஊறுகாய், நெய் எல்லாம் செக்-இன் பெட்டிக்குப் போகட்டும், ஒன்றுக்கு இரண்டு உறை போட்டு. தீப்பெட்டியும் லைட்டரும் எந்தப் பையிலும் வேண்டாம். மல்லிகைப்பூவுக்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் நாலு முழம் மல்லியை மூடிய கேபினில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி வரலாம். வாழையிலையில் சுற்றி, டப்பாவில் போட்டு மூடிக் கொண்டுபோங்கள். சென்னை அக்கா வீட்டுக்கு வாடாமலும் போய்ச் சேரும்.

வெப் செக்-இன்னை இரவே முடித்து, போர்டிங் பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேட்டுக்கு வந்து நெட்வொர்க் தேட வேண்டியிருக்காது.

வீட்டிலிருந்து கிளம்புவது

தல்லாகுளம் ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது, விமான நிலையம் ஊருக்குத் தெற்கே அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம். ஊருக்குள் போனால் கோரிப்பாளையம், ஏ.வி. பாலம், தெற்குவாசல், வில்லாபுரம் என்று நெரிசலான இடங்கள் அத்தனையும் வழியில் வரும். மாட்டுத்தாவணி வழியாக ரிங் ரோட்டில் போய் மண்டேலா நகரில் திரும்பினால் தூரம் கூடும், ஆனால் நேரம் நிச்சயமாகத் தெரியும். காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை நான் ரிங் ரோட்டைத்தான் சொல்வேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் தல்லாகுளத்துக்கு வந்து எதிர்சேவை நடக்கும் நாளும், மறுநாள் ஆற்றில் இறங்கும் நாளும் வேறு கணக்கு. அந்த நாட்களில் தமுக்கம் பக்கம் வண்டி நகராது. பயணத்தைத் தள்ளிப்போட முடியாதவர்கள் முந்தின நாளே ஆற்றுக்குத் தெற்கே உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.

உள்நாட்டு விமானங்களுக்கு செக்-இன் கவுன்ட்டர் பெரும்பாலும் புறப்படும் நேரத்துக்கு 60 நிமிடத்துக்கு முன்பே மூடப்படும். போர்டிங் கேட் 25 நிமிடத்துக்கு முன் மூடப்படும். டிக்கெட்டில் இருக்கும் 9 மணி என்பது விமானம் நகரும் நேரம். உங்களுக்கு உண்மையான நேரம் 8.35. இதைப் புரிந்துகொள்ளாமல் 8.30க்கு வாசலில் இறங்கி, "தம்பி, பிளைட் போயிரும், கொஞ்சம் முன்னாடி விடுங்க" என்று பாதுகாப்பு வரிசை முழுக்கக் கெஞ்சிக்கொண்டு போகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். ஒரு முறை அப்படி நேர்ந்தால் யாரும் வழிவிடுவார்கள். அதையே வழக்கமாக வைத்துக்கொள்வது, நேரத்துக்கு வந்து நிற்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வழியனுப்ப வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளையை விட ஊரே வந்து நிற்பது நம் பாசம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட் உள்ளவர் மட்டுமே உள்ளே போக முடியும் என்பதால் அழுகை, அணைப்பு, விபூதி, போட்டோ எல்லாம் அந்தக் குறுகிய வாசலிலேயே நடக்கிறது, பின்னால் டிராலிகள் தேங்குகின்றன. வாசலிலிருந்து பத்தடி தள்ளி நின்று விடைபெறுங்கள். இறக்கிவிட வரும் கார் இறக்கிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

பாதுகாப்புச் சோதனை

இங்கே வேலை செய்கிறவர்களில் பலர் வேறு மாநிலத்துக்காரர்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே ஒரே கேள்வியைக் கேட்கிறவர்கள். 'சார்', 'மேடம்' என்று ஒரு வார்த்தை போதும், மொழி தெரியாததைப் பெரிதாக்க வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும்போதே பெல்ட்டைக் கழற்றுங்கள். சில்லறை, சாவி, போன், வாட்ச் எல்லாவற்றையும் பையின் வெளி ஜிப்பில் போட்டுவிடுங்கள். லேப்டாப்பும் பவர் பேங்கும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ட்ரேயில் வைத்து அனுப்பிவிட்டு அந்தப் பக்கம் போனதும், ட்ரேயோடு நகர்ந்து ஓர் ஓரத்துக்குப் போய் பெல்ட் மாட்டுங்கள். உருளைப் பாதையின் முன்னாலேயே நின்று ஷூ லேஸ் கட்டுகிறவரால் பின்னால் வரும் பத்து ட்ரே மோதி நிற்கும்.

பெண்களுக்குத் திரை மறைவில் தனியாகச் சோதனை நடக்கும். அந்த வரிசை பல நேரம் மெதுவாகத்தான் நகரும், அவர்களுடைய பை அவர்களுக்கு முன்பே வெளியே வந்துவிடும். கூட வந்த சக ஊழியர் பெண் என்றால், முதலில் வெளியே வந்த நீங்கள் அவருடைய ட்ரேயைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அவசரமாகக் காபி குடிக்க ஓட வேண்டாம்.

வெடிகுண்டு பற்றி ஒரு சொல்கூட விளையாட்டாகப் பேசக் கூடாது. கேட்ட அதிகாரி அதை விளையாட்டு என்று விட்டுவிட முடியாது. உங்களால் முழு விமானமும் நிற்கும்.

கேட்டில் காத்திருக்கும்போது

கம்பெனி ஊழியர்களுக்கு நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்தக் காத்திருப்பு நேரத்தைப் பற்றித்தான். மதுரை போன்ற ஊரில் தொழில் வட்டம் சிறியது. காலை சென்னை விமானத்தில் உங்கள் வாடிக்கையாளர், போட்டிக் கம்பெனிக்காரர், நாளைக்கு உங்களை இன்டர்வியூ செய்யப்போகிறவர் என்று யார் வேண்டுமானாலும் பக்கத்து நாற்காலியில் இருக்கலாம். ஸ்பீக்கரில் போட்டு டெண்டர் தொகையைப் பேசுவதும், மேலாளரைப் பெயர் சொல்லித் திட்டுவதும், லேப்டாப் திரையை ஊருக்கே காட்டி ஊதியப் பட்டியலைத் திறப்பதும் உங்கள் வேலைக்கே ஆபத்து. ஹெட்போன் போடுங்கள், எழுந்து ஓரமாகப் போய்ப் பேசுங்கள், தொகைகளையும் பெயர்களையும் மெசேஜில் அனுப்புங்கள்.

ஒருவருக்கு ஒரு நாற்காலி. பைக்கு நாற்காலி கிடையாது. சார்ஜிங் பாயின்ட்டில் போனை மாட்டினால் பாதி ஏறியதும் எடுத்து, காத்திருப்பவருக்குக் கொடுங்கள். திரையில் கேட் எண் மாறுகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள். சில பெரிய விமான நிலையங்களில் போர்டிங் அழைப்பை ஒலிபெருக்கியில் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். மதுரைப் பழக்கத்தில் 'கூப்பிடுவாங்க' என்று அங்கே உட்கார்ந்திருந்தால் விமானம் போயே போய்விடும்.

தாமதம் என்றால் மனிதர்களின் நிறம் மாறுகிறது. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் நாடெங்கும் ரத்தாயின. விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளுக்கு நிறுவனம் போதிய ஏற்பாடு செய்துகொள்ளாததுதான் காரணம். முடிவெடுத்தவர்கள் தலைமையகத்தில் இருந்தார்கள். கூச்சலையும் வசவையும் வாங்கியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற, பெரும்பாலும் இருபது வயதைத் தாண்டியதும் வேலைக்கு வந்த பிள்ளைகள். நம் வீட்டுப் பிள்ளைகள் வயதுதான் அவர்களுக்கு. அவர்களிடம் கத்தினால் விமானம் வராது. உங்களுக்கு என்ன உரிமை என்று தெரிந்து கேட்டால் பலன் கிடைக்கும்.

சென்னை போன்ற குறுகிய தூரப் பயணத்தில், நேரத்துக்கு செக்-இன் செய்த பயணிக்கு 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி கொடுக்க வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி. உறுதியான டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தும் இடமில்லை என்று ஏற்ற மறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானமும் தராவிட்டால் இழப்பீடு உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததில் 200 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். "மேடம், ரெண்டு மணி நேரம் தாண்டிருச்சு, ரீபிரெஷ்மென்ட் எங்க குடுக்கிறாங்க?" என்று அமைதியாகக் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் எழுதுங்கள். அலுவலகத்துக்கும் சென்னையில் காத்திருப்பவருக்கும் தாமதத்தை உடனே சொல்லிவிடுங்கள். அவரும் தன் நாளைத் திட்டமிட வேண்டும்.

வாய்த்தகராறும் குற்றம்தான் என்பது பலருக்குத் தெரியாது. 2017இல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி, சொல்லால் செய்யும் தகராறுக்கு 3 மாதம் வரை விமானத்தில் பறக்கத் தடை, கை நீட்டினால் 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்தான செயலுக்கு 2 ஆண்டோ அதற்கு மேலோ. பயணமே வேலையாக இருக்கும் விற்பனைப் பிரிவு ஊழியருக்கு 3 மாதத் தடை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் மதுரைக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். 2021 மே 23 அன்று, கொரோனா இரண்டாம் அலையின் நடுவே, மதுரையிலிருந்து வாடகைக்கு எடுத்த விமானத்தில் உறவினர்கள் சூழ நடுவானில் ஒரு திருமணம் நடந்தது. முகக்கவசமும் இடைவெளியும் இல்லாத காட்சிகள் நாடு முழுக்கப் பரவின. டிஜிசிஏ விசாரணைக்கு உத்தரவிட்டது. விருந்தாளிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர்கள் அந்த விமானத்தின் ஊழியர்கள். பயணி விதியை மீறும்போது சம்பளத்தில் அடி விழுவது சீருடை போட்டவருக்குத்தான்.

அழைப்பு வந்த பிறகு

'பந்திக்கு முந்து' என்பது நமக்கு ஊறிப்போனது. பந்தியில் முந்தினால்தான் இலை கிடைக்கும். விமானத்தில் உங்கள் இலை முந்தின இரவே எண் போட்டு ஒதுக்கப்பட்டுவிட்டது. அழைப்பு வருவதற்கு முன்பே கேட்டை அடைத்துக்கொண்டு நிற்பதால், முதலில் ஏற வேண்டிய சக்கர நாற்காலிக்காரர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் உள்ளே நுழைய வழியில்லாமல் நிற்கிறார்கள். சக்கர நாற்காலி வசதி முதியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் பெரிய உதவி, டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்கலாம். வரிசையைத் தவிர்க்க நன்றாக நடக்கிறவர்கள் அதைக் கேட்டால், உண்மையாகவே தேவைப்படும் பாட்டிக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள் இல்லாமல் போகும்.

பின்வரிசையிலிருந்து வரிசையாக ஏற்றினால்தான் சீக்கிரம் முடியும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அமெரிக்க இயற்பியலாளர் ஜேசன் ஸ்டெஃபன் 2008இல் இதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார். பிறகு 72 பேரை வைத்து, விமானம் போன்ற அரங்கில் ஏற்றியும் சோதித்தார்கள். பின்பகுதியில் தொடங்கிக் கொத்துக் கொத்தாக ஏற்றுவதுதான் மிக மெதுவாக இருந்தது, ஏனென்றால் பக்கத்துப் பக்கத்து வரிசைக்காரர்கள் ஒரே நேரத்தில் பையைத் தூக்கி ஒருவரையொருவர் மறித்துக்கொண்டார்கள். ஜன்னல் சீட்காரர்கள் முதலில், அதுவும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக ஏறியபோது வேகம் கூடியது. யுனைடெட் ஏர்லைன்ஸ் 2023 அக்டோபரில் சாதாரண வகுப்பில் ஜன்னல், நடு, ஓரம் என்ற முறைக்கு மாறியது. எந்த முறை வைத்தாலும் நேரத்தைத் தின்பது நடுவழியில் நிற்பதுதான். அதைக் குறைக்கும் சக்தி ஒவ்வொரு பயணியின் கையிலும் இருக்கிறது.

மதுரைக்கு சென்னையிலிருந்து ஏடிஆர் 72 என்ற சிறிய விமானமும் வருகிறது. இறக்கையில் விசிறி சுற்றும், இண்டிகோவிடம் இருப்பதில் 78 இருக்கைகள். முதல் முறை போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இதில் பயணிகள் ஏறும் கதவு பின்பக்கம், சரக்கு முன்பக்கம். ஆகவே முதல் வரிசைக்காரர் முழு விமானத்தையும் நடந்து கடக்க வேண்டும். மேலே பை வைக்கும் இடம் சிறியது. பெரிய விமானத்தில் நுழையும் சக்கரப் பெட்டி இதில் நுழையாமல் போகலாம், அதை விமானத்துக்கு அருகிலேயே வாங்கி சரக்கில் போடுவார்கள். அப்போது வாக்குவாதம் செய்ய வேண்டாம். லேப்டாப், பவர் பேங்க், மருந்து, இன்டர்வியூவுக்கான அசல் சான்றிதழ்கள் எல்லாம் தனியாக ஒரு சிறு பையில் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு பெட்டியை நிம்மதியாகக் கொடுத்துவிடலாம். விமானம் நிற்கும் தளத்தில் கோடு போட்ட வழியில் மட்டும் நடங்கள். செல்ஃபி எடுக்க நிற்க வேண்டாம், பின்னால் வருகிறவர்களும் நின்றுவிடுவார்கள், ஊழியர்களுக்கும் பதற்றம்.

உள்ளே போவதற்கு முன்பே, படியில் நிற்கும்போதே, பயணத்தில் தேவைப்படும் புத்தகம், ஹெட்போன், தண்ணீர் பாட்டில் மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நடங்கள், முதுகில் இருந்தால் திரும்பும்போதெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் இடிக்கும். உங்கள் வரிசை வந்ததும் சீட்டுக்குள் ஒதுங்கி நின்று பின்னால் வருகிறவர்களை விடுங்கள், கூட்டம் கடந்ததும் பையை மேலே வையுங்கள். சக்கரப் பெட்டி மேலே போகட்டும், லேப்டாப் பை முன்சீட்டுக்குக் கீழே போகட்டும். பின்வரிசைக்காரர் போகிற வழியில் முன்வரிசையின் மேலே பையை வைத்துவிட்டுப் போவதை நான் திருட்டுக்குச் சமமாகத்தான் பார்க்கிறேன். அந்த இடம் இன்னும் வராத ஒருவருக்கு உரியது.

ஓர சீட்டில் முதலில் உட்கார்ந்துவிட்டால் ஜன்னல்காரர் வரும்வரை பெல்ட் போடாமல் இருங்கள், அவர் வந்ததும் எழுந்து வழியில் நின்று அவரை உள்ளே விடுங்கள். காலை மட்டும் மடக்கிக்கொண்டு 'தாண்டிப் போங்க' என்பது வேண்டாம், சேலை கட்டியவர்களுக்கு மிகவும் சங்கடம். "அண்ணே, உள்ள ஜன்னல் சீட் எனக்கு, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?" என்று நேராகக் கேட்டால் மதுரையில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சீட் மாற்றிக் கேட்கலாமா? கேட்கலாம், ஒரு முறை மட்டும், அதைவிட நல்ல சீட்டையோ அதே மாதிரி சீட்டையோ கொடுத்துக் கேட்கலாம். பணம் கட்டி ஜன்னல் சீட் எடுத்தவரிடம் நடு சீட்டைக் காட்டி "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பது வேண்டுகோளாக இருக்காது, அழுத்தமாகவே இருக்கும். மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் சீட்டில் முன்கூட்டியே உட்கார்ந்துவிட்டுக் கேட்பது இன்னும் மோசம்.

மேலாளரோடு போனால் எங்கே உட்காருவது என்று பலருக்குக் குழப்பம். போர்டிங் பாஸில் இருக்கும் இடத்தில் உட்காருங்கள், அவ்வளவுதான். அவர் பையை ஓடிப்போய்த் தூக்க வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்துச் சீட் கிடைத்தால் முழு நேரமும் வேலையே பேச வேண்டும் என்றும் இல்லை. அவர் கண்ணை மூடினால் நீங்கள் புத்தகத்தைத் திறந்துவிடலாம்.

அறிவிப்பு வரும்போது காதைக் கொடுங்கள். சென்னை–மதுரை வழித்தடத்தில் விமானி பிரிய விக்னேஷ் தமிழில் பேசி, கீழே காவிரியையும் கொள்ளிடத்தையும் சுட்டிக்காட்டிய அறிவிப்பு 2020 அக்டோபரில் சமூக வலைதளங்களில் பரவி எல்லோரும் கேட்டு மகிழ்ந்தார்கள். பாதுகாப்பு அறிவிப்பில் அந்தச் சுவை இருக்காது, ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் விமானத்தில் கதவு எங்கே இருக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. அவசர வழிக்குப் பக்கத்தில் சீட் கிடைத்தால் பணியாளர் சொல்வதை முழுக்கக் கேட்டு, புரிந்தது என்று வாயால் சொல்லுங்கள். புரியவில்லையென்றால், அல்லது அந்தப் பொறுப்பு வேண்டாம் என்றால், உடனே சொல்லி வேறு சீட் கேளுங்கள். 2022 டிசம்பர் 10 அன்று சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்படவிருந்த ஏடிஆர் விமானம் தரையில் நிற்கும்போதே ஒரு பயணியால் அவசர வழிக் கதவு திறந்துகொண்டது. தேவையான சோதனைகள் எல்லாம் முடித்த பிறகே விமானம் கிளம்ப முடிந்தது. அந்தப் பிடியின் மேல் கையையோ பையையோ சாய்க்கக் கூடாது.

கதவு மூடுவதற்கு முன்பே கடைசி மெயிலை அனுப்பி, வீட்டுக்கு ஒரு வரி போட்டு, போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். போர்டிங் பாஸை முன்சீட் பாக்கெட்டில் செருக வேண்டாம். அங்கே மறந்துவிடுவது எளிது, பயணப்படி பில்லுக்கு அதைக் கேட்கும் அலுவலகங்கள் இன்னும் உண்டு. சட்டைப் பையில் வையுங்கள், அல்லது இறங்குவதற்குள் ஒரு போட்டோ எடுத்து கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.